மேற்படி குண்டு

ஃபோர்ட் வெய்னில் ஒரு வக்கீல் அலுவலகத்தின் பின்னறையில்
காப்புரிமைப் படங்கள் வரைந்துகொண்டிருந்தேன், இருபத்தாறு வருடம்.
கறுப்பு மை மட்டும். அழகுக்கு அனுமதி இல்லை.
ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் எண்,
எண்ணிலிருந்து உறுப்புக்கு ஒரு வளைந்த கோடு,
அந்தக் கோடு இன்னொன்றை வெட்டக் கூடாது.

டெல்பர்ட் ஷ்ரோக் முதலில் வந்தது பேஜரோடு.
பெற்றவர் 'பார்த்தேன்' பொத்தானை அமுக்கும்வரை
அனுப்பியவர் பக்கம் ஒரு சிவப்புப் புள்ளி அணையாமல் இருக்கும்;
அவ்வளவுதான் கண்டுபிடிப்பு.
அதைச் சொல்ல வக்கீலுக்குப் பதினோரு பக்கம் பிடித்தது.
மேற்படி பொத்தான், மேற்படி புள்ளி, மேற்படி பெறுநர்.

மூன்றாம் படத்தில் திரை காலியாக இருந்தது.
மாதிரிக்கு ஏதாவது வேண்டும், என்ன எழுத, என்று கேட்டேன்.
சட்டைப் பையில் நான்கு பேனா வைத்திருந்த மனிதர்
ஜன்னலைப் பார்த்தார். கார் நிறுத்துமிடத்தில் பனி கொட்டியது.
"வந்து சேர்ந்துவிட்டேன்" என்றார்.
வக்கீல் வாட்ஸாக் அதை அடித்தார்.
நான்கு சைபர் போடு, போதும்.
போட்டேன்.

இரண்டாவது முறை கொண்டுவந்தது
கட்டைவிரல் நீளத்தில் ஒரு குழாய்.
உள்ளே ஓர் எஃகுக் குண்டு, பின்னால் அதைப் பிடித்துவைக்கும் காந்தம்.
கார் மோதினால் காந்தத்தை உதறிவிட்டுக் குண்டு ஓடும்.
முனையில் இரண்டு தகடு. தொட்டால் காற்றுப்பை விரியும்.
கண் இமைக்கிற நேரத்தில் பாதிகூட ஆகாது.

"மோதலைக் கண்டுபிடிப்பது ஒரு வேலையா,
தகர டப்பாவுக்கும் தெரியும்" என்றார் ஷ்ரோக்.
இரண்டு வருடம் அவருக்குப் போனது மற்றவற்றில்:
தண்டவாளம், பள்ளம், நடைபாதை விளிம்பு,
கோபத்தில் அறைந்து சாத்திய கதவு,
அடியில் படுத்துச் சுத்தியலால் தட்டும் மெக்கானிக்,
ஒரு முறை, செத்துக் கிடந்த ரக்கூன்.
ஒவ்வொன்றுக்கும் குண்டு கிளம்ப வேண்டும்,
பாதி வழியில் தயங்க வேண்டும்,
திரும்பிப் போய் உட்கார வேண்டும்.
அந்தத் திரும்புதலைப் புள்ளிக்கோட்டில் வரைந்தேன்.
நான் வரைந்ததிலேயே நல்ல கோடு அது.

வாட்ஸாக் உரிமைகோரலை நறுக்கினார்:
"முன்பக்க மோதல் என்று சேர்த்துவிடலாம்.
பின்னாலிருந்து வந்தால் மேற்படி குண்டு அசையாதல்லவா?"
அசையாது, என்றார் ஷ்ரோக்.
பிறகு வெகுநேரம் பேனாக்களை ஒவ்வொன்றாகத்
திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

எனோஸ் என்று ஓர் அண்ணன் இருந்ததை
அவர் மனைவி வெர்னா சொல்லித்தான் அறிந்தேன், பல வருடம் கழித்து.
ஆமிஷ் சபையிலேயே தங்கிவிட்டவர். தனியாள்.
போன் கிடையாது, மின்சாரம் கிடையாது, ஒரு குதிரைவண்டி.
தம்பி ஞாயிறுதோறும் காரை ஒரு மைல் தள்ளி நிறுத்திவிட்டு
சோளக்காட்டு ஓரமாக நடந்து போவாராம்.
வீடு திரும்பியதும் ஒரு தபால் கார்டு, மூன்றே வார்த்தைக்குள்.
செவ்வாய்க்கிழமை கிடைக்கும்.
காப்புரிமை எதற்கும் முந்தைய ஓர் அக்டோபர்,
இருட்டும் நேரம், பால் லாரி,
வண்டியின் பின்புறம்.
அந்த வாரக் கார்டு
பெறுநர் இல்லை என்று முத்திரை வாங்கித் திரும்பி வந்தது.

இரண்டு உரிமைகளும் காலாவதியாகிவிட்டன.
இப்போது யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம், யாரும் செய்வதில்லை,
பேஜரைக் கண்டால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

போன ஜனவரி, வால்காட்வில் தண்டவாளத்தில்
என் கிழட்டு ப்யூக் துள்ளி, காபி மடியில் கொட்டியது.
எங்கோ முன்னால், ரேடியேட்டருக்குப் பக்கத்தில்
ஒரு குண்டு கிளம்பியிருக்கும்.
ஒன்றும் நடக்கவில்லை.
ஓரமாக நிறுத்தி மடியைத் துடைத்தேன்.
"இருபத்திரண்டு" என்றேன், சத்தமாக.
காரில் வேறு யாரும் இல்லை.
படத்தில் அதன் எண் அது.